ஸ்பிண்டில் சாண்டர் வாங்குமுன் ஸ்லீவைத் தேடுங்கள்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே வசிக்கிறேன். வீட்டின் பின்புறச் சிறிய அறையில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்கிறேன். ஆடுகுதிரை, வளைந்த சாய்வுள்ள கதிரை போன்றவற்றை ஜிக்சோவால் வெட்டி முடித்தபின், உள்வளைவுகளைக் கையால் தேய்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. நிமிர்ந்து சுழலும் மணல்தாள் உருளையால் தேய்க்கும் ஸ்பிண்டில் சாண்டர் வாங்கலாமா? துளை போடும் மேசை இயந்திரமான டிரில் பிரஸ்ஸில் மணல்தாள் உருளை பூட்டிச் சமாளிக்கலாமா? கனடாவில் இருக்கும் மைத்துனர் ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார்.

பதில்: மைத்துனரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (மின்னோட்டத்தின் விநாடிச் சுழற்சி). நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டார் ஹேர்ட்ஸை நம்பித்தான் ஓடுகிறது. அங்கே நிமிடத்துக்கு 1,725 முறை சுற்றுவது இங்கே ஏறத்தாழ 1,440க்கு வந்துவிடும், சூடும் கூடும். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் ஜப்பானியக் கருவிகளையும் வோல்ட் எழுதியிருக்கும் அடித்தகட்டைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

டிரில் பிரஸ் பற்றி: எப்போதோ ஒரு வளைவு என்றால் போதும். அடிக்கடி என்றால் வேண்டாம். அதன் பெயரிங் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் தள்ளுவதற்காக அல்ல. கூம்புப் பிடியில் நிற்கும் சக் (துளையூசியைக் கவ்வும் பகுதி) பக்க அழுத்தத்தில் தளர்ந்து, சுழலும்போதே கழன்று விழக்கூடும். இன்னொரு குறை, உருளை ஒரே உயரத்தில் நின்று சுற்றுவதால் மணல்தாளின் ஒரு பட்டை மட்டும் தேய்ந்து அடைத்துக்கொள்ளும். மரத்தில் கரிந்த கோடு விழும்.

ஸ்பிண்டில் சாண்டருக்கு நீங்கள் கொடுக்கும் காசு இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான். உருளை சுழன்றபடியே நிமிடத்துக்கு அறுபது முறையளவில், 16 முதல் 25 மில்லிமீட்டர் வரை, மேலும் கீழும் ஏறி இறங்கும். ஸ்லீவின், அதாவது உருளைமேல் மாட்டும் மணல்தாள் உறையின், முழு உயரமும் வேலை செய்யும், கீறல்கள் ஒரே கோட்டில் விழாது, சூடும் குறையும். வீட்டுக்கு அரைக் குதிரைத் திறன் மோட்டார் தாராளம். பெட்டியில் அச்சடித்த வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இது வாள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் கருவி அல்ல. கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு, அந்த மிச்சத்தை மட்டும் இதற்குக் கொடுங்கள்.

நான் முதலில் கேட்பது ஸ்லீவைத்தான். பொதுவாக அரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் விட்டம் வரை ஐந்தாறு உருளைகள் வரும். ஸ்லீவின் உயரம் எல்லா இயந்திரங்களுக்கும் ஒன்றல்ல. நாலரை அங்குலமும் உண்டு, ஐந்தரை அங்குலமும் உண்டு. விற்பவரிடம் அதே அளவு ஸ்லீவ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்ததும் இது கைக்குக் கிடைக்கும் பொருள் அல்ல. மைத்துனர் உதவ வேண்டுமென்றால் இதை அனுப்பட்டும்: எடையில்லை, மின்சாரச் சிக்கலும் இல்லை. விட்டமும் உயரமும் மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

வளைவுக்குள் இறங்கக்கூடிய மிகப் பெரிய உருளையையே பூட்டுங்கள். சிறிய உருளை பள்ளம் பள்ளமாகத் தோண்டும். வேகக் கணக்கும் இருக்கிறது. 2,000 சுற்றில் 76 மில்லிமீட்டர் உருளையின் விளிம்பு நிமிடத்துக்கு 478 மீட்டர் ஓடுகிறது. 13 மில்லிமீட்டர் உருளையில் அது 82 மீட்டர்தான். சின்ன உருளை மெதுவாக அரைக்கிறதே என்று அழுத்தினால் தண்டு வளைவதுதான் மிச்சம். சுழலும் திசைக்கு எதிராகவே மரத்தை நகர்த்துங்கள், இல்லையேல் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு உருளைக்கும் அதற்கேற்ற வட்டத் தட்டு மேசைத் துவாரத்தில் உட்கார வேண்டும். இந்தத் தட்டுகளில்லாத இயந்திரத்தை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள், விரல் போகும் இடைவெளி அது.

கதிரைச் சாய்வுக்குச் சரிவான விளிம்பு வேண்டுமானால் மேசை 45 பாகை சாயும் வகையைத் தேடுங்கள். மலிவான பலவற்றில் மேசை நிலையாக இருக்கும். மணல்தாள் பெல்ட்டும் ஸ்பிண்டிலும் ஒன்றாக உள்ள வகை உங்கள் சிறிய அறைக்குப் பொருந்தும். வெளிவளைவுகளை பெல்ட்டிலேயே முடித்துவிடலாம். எனக்கு அதில்தான் விருப்பம்.

இனி நம் மலையின் ஈரம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் கடதாசி முதுகுள்ள ஸ்லீவ் ஒட்டு விட்டு விரியும். துணி முதுகுள்ளதை வாங்கி, மூடி இறுகிய பிஸ்கட் தகரத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் மேல் நட்டைத் தளர்த்திவிடுங்கள், இல்லையேல் ஸ்லீவ் உருளையின் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். இரும்பு மேசைக்கு மெழுகு பூசினால் துரு தள்ளிப்போகும். எண்ணெய் பூசினால் மரத்தில் கறை ஏறும்.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பது நம்மவர் பழக்கம், அதுதான் எனக்குக் கவலை. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சபுக்கு மரம் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். இயந்திரத்தின் தூசிக் குழாயில் வெக்யூம் கிளீனரைப் பொருத்துங்கள். என்95 முகக்கவசம் அணியுங்கள். துணி முகமூடி இதற்குப் போதாது.

பைன் மரமானால் பிசின் ஸ்லீவை அடைத்துவிடும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் செய்யும் கிரேப் ரப்பரில் ஒரு துண்டு கிடைத்தால், ஓடும் உருளையில் அதை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். அடைப்பு உருண்டு வந்துவிடும். தொடக்கத்துக்கு 80, 150 எண் ஸ்லீவ்கள் போதும் (எண் கூடக்கூட மணல் நுண்மையாகும்). 240 எண்ணை இயந்திரத்தில் போட்டால் மரம் கரிகிறது, அந்தக் கடைசித் தேய்ப்பைக் கையாலேயே செய்யுங்கள்.