பதில்: தேயிலைக் கொழுந்துத் தராசின் முன்மாதிரி காலையில் ஒரு நிறை, நண்பகலில் வேறு நிறை காட்டுகிறது

இந்தத் தராசை விற்க நிறுவனம் பதிவுசெய்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்; ஒரே சாக்குக்கு இரண்டு நிறை காட்டும் மின்னணுத் தராசை எந்தத் தோட்டமும் வாங்காது.

பெரும்பாலும் சுமையுணரி (சுமையை மின்சைகையாக மாற்றும் பாகம்) வெப்பநிலைக்கேற்ப விலகுகிறது: நுவரெலியாக் குளிரில் பூச்சியமாக்கியது வெயிலேறியதும் அங்கேயே நிற்பதில்லை. ஆனால் கொழுந்தும் ஈரம் உலர்ந்து நிறை குறையுமாதலால், சாக்கை வைத்துச் சோதிப்பது வீண்வேலை.

முத்திரையிட்ட 10 கிலோ படிக்கல்லைக் கொண்டு, வெறுந்தட்டின் அளவையும் கல்லேற்றிய அளவையும் அதிகாலை, நண்பகல், அந்தி ஆகிய வேளைகளில் வெப்பநிலையுடன் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாறாதிருந்தால், ஒவ்வொரு நிறுவைக்கு முன்பும் பூச்சியமாக்கினால் போதும். வித்தியாசமே மாறினால் தராசின் கணினி நிரலில் வெப்பநிலைத் திருத்தம் தேவை.

கூலிக் கணக்குக்கான தராசு இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி சரிபார்க்கப்பட வேண்டும் என்பதால், அதுவரை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒப்பீட்டுக்கு மட்டும் வையுங்கள். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துப் பேர் போட (நாட்கூலி பதிய) இடமளிக்காதீர்கள்.