எச்ஐவி கணக்கெடுப்பு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சென்னைல எச்ஐவி கண்காணிப்பு லேப்ல பல வருஷம் வேலை பாத்தவ நான். மருந்து மாத்திரை கேள்வி மட்டும் டாக்டர்கிட்ட கேளுங்க.

பெரம்பூர் கார்த்தி: எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணாம ஊர்ல இத்தனை பேருக்கு இருக்குன்னு எப்படிக்கா சொல்றீங்க?

கர்ப்பிணிங்கள வச்சுதான் தம்பி. குறிச்சு வச்ச ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் ஒரு மூணு மாச காலத்துக்குள்ள செக்கப்புக்கு வர்றவங்க வரிசையா 400 பேர், சிபிலிஸ்ங்கற பால்வினை நோய் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்துல மிச்சத்த வேற ட்யூப்ல ஊத்தி, பேர் இல்லாம வெறும் நம்பர் எழுதி ஐஸ் பெட்டில லேபுக்கு வரும். பாலியல் தொழிலாளிங்க, திருநங்கைங்க, ஊசில போதை ஏத்திக்கறவங்கன்னு தனித்தனியாவும் எடுப்பாங்க, எங்க காலத்துல அவங்களுக்கு விரல்ல குத்தி பில்டர் பேப்பர்ல ரத்தச் சொட்டா எடுத்தாங்க. இதுவும் மொத்த ஊர் இல்ல. 2007 வரைக்கும் இந்தியாவுல 50 லட்சத்துக்கு மேலன்னு சொல்லிட்டு இருந்தாங்க, வீடு வீடா போய் எடுத்த ரத்தமும் கணக்குல சேர்ந்ததும் 25 லட்சம் ஆச்சு. நோய் பாதியாகல, அளவுகோல சரி பண்ணாங்க.

வேளச்சேரி வாசகர்: எங்க ஏரியாவுல பாசிட்டிவ் கூடிருச்சாமே?

எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணாங்க? டெஸ்ட் கூடினா பாசிட்டிவும் கூடத்தான் தெரியும், அத கேக்காம பயப்படாதீங்க.

சுரேஷ்: கொசு கடிச்சா வருமா?

வராது.

பேர் வேண்டாம்: பத்து நாள் முன்னாடி தப்பு நடந்துச்சு, டெஸ்ட் நெகட்டிவ். போதுமா?

போதாதுப்பா, இவ்ளோ சீக்கிரம் தெரியாது. தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும், அது போச்சு. அரசு ஆஸ்பத்திரில எச்ஐவி டெஸ்ட் பண்ற நம்பிக்கை மையத்துக்கு போங்க, மறுபடி எப்ப வரணும்னு கவுன்சிலர் சொல்வாங்க, காசு கிடையாது. எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கும் கூப்பிடலாம்.

ராஜி: லேபுக்கு வர்ற சாம்பிள்ல பேரே இல்லன்னா பாசிட்டிவ் வந்த பொண்ணுக்கு யாருக்கா சொல்றது? அநியாயமா இல்ல?

நானும் இத கேட்டு சண்டை போட்டிருக்கேன் ராஜி. அந்த சாம்பிள் கணக்குக்கு மட்டும்தான். அதே பொண்ணுக்கு அதே ஆஸ்பத்திரில சம்மதம் கேட்டு தனியா டெஸ்ட் பண்ணி, ரிசல்ட்ட அவ கைல குடுக்கணும்.

மணி: எதுக்கு சுத்தி வளைக்கணும், ஆதார்ல இணைச்சுட்டா யாருன்னு தெரிஞ்சிரும்ல?

தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க மணி? 1986ல இதே மெட்ராஸ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் நாட்டுலயே முதல்முதலா எச்ஐவிய கண்டுபிடிச்சாங்க, ரத்தத்த வேலூர் கொண்டு போய் டெஸ்ட் பண்ணினாங்க. அந்த ரத்தம் ரிமாண்ட் ஹோம்ல இருந்த பொண்ணுங்களோடது, முடியாதுன்னு சொல்ற நிலைமைல அவங்க இல்ல. பேர் வெளில வந்தா வாடகை வீடு போகும், வேலை போகும், அப்புறம் யாரு டெஸ்ட்டுக்கு வருவா? இன்னாருக்கு இருக்கான்னு அவங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ணக்கூடாது, வெளில சொல்லக்கூடாதுன்னு 2017ல சட்டமே வந்திருச்சு.

அனு: கொசு பத்தி...

மேல பாருங்கம்மா.

ராஜி: சம்மதம் கேட்டு பண்ற அந்த ரெண்டாவது டெஸ்ட்ட பண்ணாம விட்டுட்டா?

விடறாங்க, அதுதான் என் பயமும். உங்க வீட்டு கர்ப்பிணியோட செக்கப் அட்டைய எடுத்து பாருங்க, எச்ஐவி கட்டம் காலியா இருந்தா அந்த ஓபிலயே நின்னு கேளுங்க.