ஆபீஸில் குரோம், வீட்டில் பயர்பாக்ஸ்: புக்மார்க்குகளை ஒன்றாக வைப்பது எப்படி?

சிறுசேரி ஆபீஸ் லேப்டாப்பில் குரோம், வேளச்சேரி வீட்டில் பயர்பாக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு போன். மூன்றிலும் ஒரே புக்மார்க் வேண்டும் என்கிறீர்கள்.

சுலபமான வழி, எல்லாவற்றிலும் ஒரே பிரவுசருக்கு மாறிவிடுவது. குரோம் கூகுள் கணக்கு வழியாகவும், பயர்பாக்ஸ் மொசில்லா கணக்கு வழியாகவும் ஒத்திசைக்கும். ஒன்று மற்றொன்றோடு நேரடியாகப் பேசாது. இரண்டும் வேண்டுமென்றால் ஃப்ளாக்கஸ் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. கூகுள் டிரைவிலோ, அதுபோன்ற இணையச் சேமிப்பான நெக்ஸ்ட்கிளவுடிலோ ஒரு பிரதி வைத்து இரு பக்கமும் சரிசெய்யும். போனுக்குத் தனி ஆப் உண்டு. முன்பு இதற்கென்றே எக்ஸ்மார்க்ஸ் இருந்தது, 2018-இல் மூடிவிட்டார்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தக் கணக்கைப் போடாதீர்கள். வேலையை விடும் நாளில் வீண் தலைவலி.

முக்கியமான விஷயம்: சிங்க் (ஒத்திசைவு) என்பது பேக்கப் இல்லை. மின்ரயிலில் நின்றுகொண்டே போனில் 'வீடு' ஃபோல்டரைக் கைதவறி அழித்தால், அதிலிருந்த சொத்து வரி, மின்கட்டணம், வில்லங்கச் சான்று லிங்க் எல்லாம் வீட்டுக் கணினியிலும் காணாமல் போகும். அதனால் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணினியில், குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும். மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, எக்ஸ்போர்ட் கொடுத்தால் எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். அதை எந்த பிரவுசரும் வாங்கிக்கொள்ளும். பயர்பாக்ஸ் கணினியில் தானாகவே பழைய பிரதிகளை வைத்திருக்கும். 'ரீஸ்டோர்' மெனுவில் தேதியைப் பார்த்து எடுக்கலாம். ஆனால் ரீஸ்டோர் செய்தால் இப்போது இருப்பவை போய்விடும், அதனால் முதலில் எக்ஸ்போர்ட்.