வீராணத்துத் தண்ணீர்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். சென்னைக்கு வந்து 8 வருஷம் ஆகிறது. குரோம்பேட்டையில் வாடகை வீடு, 10 மாத அட்வான்ஸ். தினமும் இரண்டு மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறது. எங்கள் வீராணம் ஏரித் தண்ணீரும் இங்கே வருகிறது, நாங்களும் இங்கே வருகிறோம். பதிலுக்கு இந்த ஊர் என்ன கொடுத்தது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் யோசிக்கிறேன். நீங்கள் சென்னையைத் திட்டித்தான் எழுதுகிறீர்கள். ஆனாலும் 30 வருஷமாக இங்கேயே இருக்கிறீர்களே, ஏன்?

க.

அன்புள்ள க.,

முதலில் தண்ணீர். 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டவன். அதற்கு முந்தைய கோடைவரை குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். கீழணையிலிருந்து வடவாறு வழியாக உங்கள் ஏரிக்கு வந்த காவிரி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வந்தது. யார் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீர் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

2019இல் யோசிக்க வேண்டி வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் போர்வெல் வற்றி, லாரிக்குப் பணம் கட்டி நாலு நாள் காத்திருந்தோம். இரவு 2 மணிக்கு லாரி வந்தது. யார் முதலில் பிடிப்பது என்று மாடிவீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை. கஷ்டகாலத்தில் அக்கம்பக்கம் ஒன்றுகூடும் என்பார்கள். நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. இதே வீட்டுக்குள் 2015 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

சரி, ஏன் இங்கேயே இருக்கிறேன்? வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டதால் அந்தச் சாக்கும் இல்லை. காரணம் கொஞ்சம் அற்பமானதுதான்: கன்னிமாரா நூலகம்.

எழும்பூர் மியூசியம் வளாகத்தில் 1896இலிருந்து இருக்கிறது. 1954இல் வந்த சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வந்துசேர வேண்டும். நாடு முழுவதற்கும் இப்படி நான்கே நூலகங்கள். (எல்லாரும் அனுப்புவதில்லை. என் முதல் பதிப்பாளரே அனுப்பவில்லை.) எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் அறுபதுகளில் ஊர்க் கோயிலுக்கு ஒரு தல வரலாறு எழுதி, பக்கத்து டவுன் அச்சகத்தில் அடித்தார். இன்றைக்கு ஊரில் ஒரு வீட்டிலும் அது கிடையாது. கரையான் தின்றதுபோக மிச்சம் போகியில் எரிந்தது. கன்னிமாராவில் ஒரு பிரதி இருந்தது. தொட்டால் உதிரும் தாள், ஆனால் ஒரு பக்கமும் குறையவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பென்சிலில் படியெடுத்தேன். நடுவில் பாந்தியன் சாலைக்கு வந்து ஒரு டீ, ஒரு மசால்வடை. அந்த இரண்டு நாளைப்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகமில்லை.

சிக்கலும் இதில்தான். எங்கள் ஊர்ப் புத்தகம் ஊரில் இல்லை, இங்கே இருக்கிறது. உங்கள் ஏரித் தண்ணீர் கதையும் அதுதான். சென்னை அள்ளிக்கொள்கிற ஊர். அள்ளிக்கொண்டதில்தான் எனக்குப் பிடித்ததும் இருக்கிறது. இந்த நிலையில் உங்களிடம் நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை. வீராணம் பாசன விவசாயி ஒருவர் கோபப்பட்டால் அவர் பக்கம்தான் பேசுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அதே தண்ணீரில் குளிப்பேன்.

திரும்பிப் போவதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். போவதென்றால் ஒன்று. அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.