கேரவனை வைத்துக்கொள்வதா, விற்பதா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கூட வேலை பார்த்தவரிடம் பழைய டூரிங் கேரவன் (கார் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) ஒன்றை வாங்கி இரண்டு கோடை ஓட்டியாயிற்று. இப்போது ஸ்டோரேஜ் வாடகை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் என்று காசு கரைகிறது. “அந்தப் பணத்துக்கு ஸ்பெயின் போய்விட்டு வரலாமே” என்கிறார்கள் நண்பர்கள். விற்றுவிடலாமா?

அந்த நண்பர்கள் கையில் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் இருந்துவிட்டு வரலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஐ.எல்.ஆர். (இங்கே காலவரம்பின்றித் தங்கும் அனுமதி) கிடைத்த பிறகும் விசா வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ, அதற்கு மேல் விசா சென்டர்க்காரர்கள் வாங்குவது தனி. அப்பாயின்ட்மென்ட் திறக்கிறதா என்று ராத்திரியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேரவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டிக்கொண்டு பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி பக்கம் கிளம்பிவிடலாம்.

நான் பார்த்தவரை, கேரவன் கட்டுப்படியாவது அடிக்கடி, சின்னச் சின்னதாகப் போகிறவர்களுக்குத்தான். ஏப்ரலில் ஒரு வார இறுதி, மே மாத ஹாஃப் டெர்ம் பள்ளி விடுமுறையில் நாலு நாள், செப்டம்பரில் இன்னொன்று என்று போனால் சரி. ஆகஸ்ட்டில் இரண்டு வாரம் மட்டும் எடுத்து, மீதி நாளெல்லாம் ஸ்டோரேஜில் நிற்க விட்டால், அந்த இரண்டு வாரத்துக்கு வருடம் முழுக்க வாடகை கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பள்ளி நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. விடுமுறையில் விமான டிக்கெட் ஏறிக் கிடப்பதும் தெரிந்ததே. அதனால் வார இறுதியில் கிளம்பும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, வேலை யார் தலையில் விழுகிறது? டாய்லெட் கேசட்டை (கழிவு சேரும் பெட்டியை) கொண்டுபோய்க் கொட்டுவது, தண்ணீர் பீப்பாயை உருட்டி வருவது, மழையில் அவ்னிங்கை (கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரத்தை) மடிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு, சமையல் முழுக்க வீட்டம்மா பொறுப்பு என்றால் அவர்களுக்கு அது விடுமுறையே இல்லை, சமையலறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் சின்ன சமையலறை! கேரவன் நிறுத்தும் சில சைட்களில் மின் இணைப்பு 10 ஆம்பியர்தான், அதாவது சுமார் 2,300 வாட். வீட்டிலிருந்து கொண்டுபோகும் 3 கிலோவாட் கெட்டிலைப் போட்டதும் ட்ரிப் ஆகிவிடும். ஹீட்டர் ஓடும்போது ரைஸ் குக்கரைப் போட யோசிக்க வேண்டும். மனைவியைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், பிள்ளைகள் முன்னால் கேட்டால் நிஜம் வராது.

ஓட்டுவதும் அப்படித்தான். 2021 டிசம்பர் 16-லிருந்து சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம், தனி டெஸ்ட் கிடையாது. ஆகவே மனைவியும் ஓட்டலாம், விருப்பம் இருந்தால். மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான், மூன்று லேன் இருந்தால் வலது ஓரத்து லேனுக்குள் போகக்கூடாது, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் 50. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து என்றால் நேரம் கூடவே ஆகும். அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் பின்பக்கம் அடுக்கினால் ஹிட்ச்சில் (காரோடு மாட்டும் கொக்கியில்) எடை குறைந்து வண்டி பாம்பு மாதிரி ஆடும். கனமான சாமான் தரையோடு, ஆக்ஸில் பக்கத்தில் இருக்கட்டும். ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும்.

அடுத்த கார் எலெக்ட்ரிக் என்று யோசனை இருந்தால், அந்த மாடல் எவ்வளவு எடை இழுக்கும் என்று பார்த்துவிட்டே கேரவனைப் பற்றி முடிவெடுங்கள். சில மாடல்களில் இழுக்கவே அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜர்களில் கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சார்ஜ் போட முடியும்.

மாற்று வழிகளில் மோட்டார்ஹோம் (தானே ஓடும் வீட்டு வண்டி) வாங்கச் சொல்லமாட்டேன். விலையும் அதிகம், 3,500 கிலோவைத் தாண்டினால் உங்களுக்கு சி1 என்ற பெரிய வண்டி லைசென்ஸும் வேண்டும். கடற்கரை பார்க்கில் ஸ்டாட்டிக் கேரவன் (ஒரே இடத்தில் நிற்கும் கேரவன்) விற்க வருபவரிடம் இன்னும் ஜாக்கிரதை. வருடா வருடம் பிட்ச் ஃபீ, அதாவது இட வாடகை, ஏறும், பார்க்கில் வண்டிக்கு வயது வரம்பு இருக்கும், விற்கப் போனால் விலை தரையைத் தொடும். காட்டேஜ் வாடகைக்கு எடுப்பதும், ஒய்.எச்.ஏ. அமைப்பின் பயணியர் ஹாஸ்டல்களில் குடும்ப அறை போடுவதும் எனக்குப் பிடித்தவை. ஹாஸ்டலில் பொதுச் சமையலறை உண்டு, சாம்பார் வைத்தால் பக்கத்து அடுப்புக்காரர் எட்டிப் பார்ப்பார். எங்கள் பிள்ளைகள் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை எழுதும் பதினைந்து, பதினாறு வயதுக்கு வந்து, தனி அறையும் வைஃபையும் கேட்க ஆரம்பித்ததும் கேரவனை விற்றுவிட்டு இப்படித்தான் போகிறோம். வருத்தம் ஒன்றும் இல்லை.

உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள், பாஸ்போர்ட்டும் இன்னும் மாறவில்லை. நானாக இருந்தால் இன்னும் இரண்டு கோடைக்கு வைத்துக்கொள்வேன், வண்டி நல்ல நிலையில் இருந்தால் மட்டும். அதை நீங்களே பார்க்கலாம். உள்ளே ஜன்னல் மூலைகளிலும் முன்பக்க லாக்கருக்குள்ளும் சுவர்ப்பலகையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஈரம் இறங்கியிருக்கிறது, அதைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையையே மிஞ்சலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. மேல்தடம் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஏழு வருடம் தாண்டிய டயரில் மோட்டார்வே ஏறாதீர்கள். விற்பது என்று முடிவானால் குளிர்காலத்தில் விளம்பரம் போடாமல் மார்ச், ஏப்ரலில் போடுங்கள், வாங்குபவர்கள் அப்போதுதான் தேட ஆரம்பிப்பார்கள்.