பழைய மரப்பலகைகளைப் படமெடுத்தால் தட்டையாகவே தெரிகின்றன. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே, மலேசியாவின் பினாங்கில் பல ஆண்டுகளாகப் பழைய மரப்பலகைகளைத் தேடித் தேடிப் படமெடுத்து வரும் என் பதில். குறை பெரும்பாலும் வெளிச்சம் வரும் திசையில்தான் இருக்கிறது.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் சென்றபின் வெளிறிய நார்களே மேலே எஞ்சுவதால் பலகை சாம்பல் நிறம் கொள்கிறது. மென்மையான பகுதிகள் விரைவில் தேய்ந்துவிட, கெட்டியான வரிகள் மேடாக நிற்கின்றன. நாம் படமெடுப்பது இந்த மேடு பள்ளத்தைத்தான். அதன் ஆழம் பல பலகைகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது என்பதால், வரிகளுக்குக் குறுக்காகவும் பரப்பை ஒட்டியும் வெளிச்சம் விழுந்தால் மட்டுமே நிழல் உண்டாகிறது. வரிகள் ஓடும் திசையிலேயே வெயில் ஓடினால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அந்தப் புடைப்பைக் காட்ட முடியாது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் வெல்ட் கீ சாலை ஓரமாகக் கடலுக்குள் நீளும் சூ ஜெட்டி போன்ற சீனக் குல ஜெட்டிகள், அதாவது கடல்மேல் தூண்களில் நிற்கும் மரவீட்டுக் குடியிருப்புகள், இதற்கு மிக நல்ல இடம். தீவின் கிழக்குக் கரையில் இருப்பதால், காலை ஏழு மணிக்குப் பிறகு எழும் சூரியன் கடல்மேல் தாழ்ந்து நின்று நடைபாதைப் பலகைகளை வருடுகிறது. ஆனால் சுவர்ப் பலகைகளுக்குக் காலை வெயிலைவிட உச்சி வெயிலையே நான் விரும்புகிறேன். இங்கே கடிகாரத்தில் ஒரு மணி கடந்துதான் சூரியன் உச்சிக்கு வருகிறது. அதற்குச் சற்று முன்பு கிழக்குச் சுவரில் வெயில் மேலிருந்து சரிந்து இறங்கும்போது, கிடையாக அடித்த பலகைகளின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே எழுந்து நிற்கும். நண்பகலில் கேமராவைத் தொடாதே என்ற பொது அறிவுரை மரச்சுவருக்குப் பொருந்தாது. மேகம் மூடிய நாளில் ஒரு டார்ச் விளக்கைப் பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

கேமராவைப் பலகைக்கு இணையாக நிறுத்தி, லென்ஸ் துளையின் (அபர்ச்சர்) அளவை எஃப் 8 அல்லது 11 என வைத்துக்கொள்ளுங்கள். முக்காலி உதவும் என்றாலும், ஜெட்டிப் பலகைமேல் யாராவது நடந்தால் முக்காலியும் சேர்ந்து அதிரும். அவர்கள் கடந்து செல்லும்வரை காத்திருங்கள். அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டுக் கதவையோ சுவரையோ நெருங்கிப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்பது அவசியம். மழையில் நனைந்த மரத்தில் நிறம் ஆழமாகத் தெரியும், ஆனால் வானத்தின் பளபளப்பும் உடன் வரும்; சற்றுச் சாய்வாக நின்று எடுத்தால், லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் வடிகட்டி அதைப் பெருமளவு குறைத்துவிடும்.

சாம்பல் மரம் என்றதும் பலர் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுகிறார்கள். இரும்பு ஆணி இருக்கும் பலகையில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. துருவும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்து ஆணிக்குக் கீழே கருநீலக் கறையாக வழிந்திருக்கும். அந்த நீலத்துக்காகவே நான் அங்கே மீண்டும் மீண்டும் போகிறேன்.