98 சதவீதம் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள்

அல்சைமர் நோயை இரத்தத்திலும் மூளைத் திசுவிலும் உள்ள மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகள் இவை. ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது போலும், பாதிக் கடிதங்கள் பினாங்கு மாணவர்களுடையவை.

குளுகோர் மாணவி: வணக்கம் அக்கா. ஜிஎஸ்இ63060 என்ற பொதுவில் கிடைக்கும் இரத்தத் தரவில் நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் அதிகம் வேறுபடும் 50 மரபணுக்களைப் பொறுக்கி, மெஷின் லேர்னிங் மாடல் ஒன்றைப் பழக்கினேன். தரவைப் பத்துப் பங்காகப் பிரித்துச் சோதித்ததில் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. என் மேற்பார்வையாளர் நம்ப மறுக்கிறார்.

நானும் அவர் கட்சிதான். அந்த 50 மரபணுக்களை எப்போது பொறுக்கினீர்கள், தங்கச்சி? எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பொறுக்கிவிட்டு, அப்புறம் பத்தாகப் பிரித்தீர்கள் என்றால், எஸ்பிஎம் பள்ளித்தேர்வுக் கேள்வித்தாள் போச்சோர் ஆகி, முன்கூட்டியே கசிந்த கதைதான். விடை உள்ளே புகுந்த பிறகு 98 வராமல் என்ன வரும்? பொறுக்கும் வேலையும் ஒவ்வொரு சுற்றிலும், பயிற்சிக்கு ஒதுக்கிய பங்குக்குள் மட்டுமே நடக்க வேண்டும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 'நோயாளி', 'நலமானவர்' என்ற சீட்டுகளைக் குலுக்கி மாற்றிவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். அந்தத் தரவில் நோயாளிகள் 145, நலமானவர்கள் 104. கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நோயாளி என்றாலே 58 சதவீதம் சரியாகிவிடும். குலுக்கிய பிறகும் அதைத் தாண்டி 80, 90 என்று ஏறினால், எங்கோ ஒழுகுகிறது. இன்னொன்று, லேசான மறதி உள்ள 80 பேரை எங்கே விட்டீர்கள்? டாக்டருக்குத் தலைவலி கொடுப்பவர்கள் அவர்கள்தாம். முற்றிய நோயை வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, ஜிஎஸ்இ63061. அதே ஐரோப்பியத் திட்டத்தின் இரண்டாம் தொகுதி, மரபணு வெளிப்பாட்டை அளக்கும் சில்லு மட்டும் அடுத்த பதிப்பு. முதலாவதில் பழக்கி இதில் சோதியுங்கள். எண் விழும். விழுந்த எண்ணையே ஆய்வேட்டில் எழுதுங்கள்.

எனக்கும் இப்படி ஒருமுறை மூக்கு உடைந்திருக்கிறது. ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தரவில் இரு தரப்பும் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நின்றன. மூன்று நாள் மிதந்தேன். நாலாம் நாள் சில்லு ஓட்டிய தேதிகளைப் பார்த்தால், நோயாளி மாதிரிகள் எல்லாம் ஒரே வாரம், மற்றவை எல்லாம் அடுத்த மாதம். நான் கண்டுபிடித்தது காலண்டரை! நோயும் தேதியும் அப்படி ஒட்டிக்கொண்டால் வெவ்வேறு நாளில் ஓட்டியதால் வரும் வேறுபாட்டைத் திருத்தும் காம்பேட் போன்ற கருவிகளாலும் பிரிக்க முடியாது.

பட்டர்வொர்த் வாசகர்: மூளைத் திசுத் தரவில் நரம்பணு மரபணுக்கள் பல குறைந்திருக்கின்றன. அவற்றையே பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டும் அடையாளம் என்று சொல்லிவிடலாமா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தூரத்தில் உறுமி மேளம் கேட்கிறது. திடீரென்று சத்தம் குறைகிறது. அடிப்பவர்கள் கை ஓய்ந்துவிட்டதா, இல்லை பாதிப் பேர் தண்ணீர்ப்பந்தலில் மோர் குடிக்கப் போய்விட்டார்களா? தூரத்திலிருந்து சொல்ல முடியாது. திசுவை மொத்தமாக அரைத்து அளந்தாலும் இதே சிக்கல். அல்சைமரில் நரம்பணுக்கள் சாகின்றன, அதனால் மற்ற உயிரணுக்களின் பங்கு கூடுகிறது. மரபணு அடங்கிப்போனதா, அது இருந்த உயிரணுவே போய்விட்டதா என்று முதலில் பிரிக்க வேண்டும். உயிரணு வகைகளின் விகிதத்தைக் கணித்து மாடலில் சேர்ப்பது ஒரு வழி. உயிரணுக்களின் கருக்களைத் தனித்தனியே அளந்த தரவைப் பார்ப்பது இன்னொரு வழி. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 48 பேரின் மூளை முன்புறணியிலிருந்து 80,000க்கும் மேற்பட்ட கருக்களை இப்படி அளந்தது.

இரத்தத்திலும் இதே கதைதான், வெள்ளையணு வகைகளின் விகிதம் மாறினாலே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆடும். சர்க்கரை நோய், கொழுப்பு மாத்திரை, போன வாரக் காய்ச்சல் எல்லாம் அதில் தெரியும். மலேசிய இந்தியர்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஐரோப்பியர் இரத்தத்தில் தேறிய பட்டியலை நம்மவர் மேல் அப்படியே போட்டால், அது பிடிப்பது அல்சைமரையா சர்க்கரையையா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆயர் ஈத்தாம் மாணவர்: என் பழைய லேப்டாப் போதுமா?

சில்லுத் தரவுக்குத் தாராளமாகப் போதும். ஆர்என்ஏ வரிசைத் தரவை ஸ்டார் மென்பொருளால் மரபணுத்தொகையோடு பொருத்துவதற்கு மட்டும் 30 ஜிபி அளவுக்கு ரேம் கேட்கும். அதனால் ஒவ்வொரு மரபணுவுக்கும் எண்ணி முடித்த அட்டவணையாகவே இறக்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஏபிஓஇ-4 பரிசோதனையும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஏபிஓஇ-4 என்பது ஒரு மரபணுவின் வகை, பிறக்கும்போதே வந்தது, எத்தனை முறை எடுத்தாலும் விடை மாறாது. அது அல்சைமர் வரும் ஆபத்தைக் கூட்டும், நோயை உறுதிசெய்யாது. வெளிப்பாடு என்பது எந்த மரபணு இப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு. காலையும் மாலையும்கூட மாறும்.

செந்தூல் வாசகி: அம்மாவுக்கு 74 வயது, சொன்னதையே சொல்கிறார். இரத்தத்தில் மரபணு வெளிப்பாடு பார்த்துச் சொல்லும் பரிசோதனை கிடைக்குமா?

மருத்துவமனையில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு இன்னும் வரவில்லை அம்மா. அப்படி யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். முந்திக்கொண்டவை புரதப் பரிசோதனைகள். பி-டௌ217, அமிலாய்டு என்ற இரண்டு புரதங்களின் விகிதம் பார்க்கும் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதுவும் அறிகுறி உள்ள பெரியவர்களுக்கு மட்டும், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்து.

முதலில் தைராய்டு, பி12, காது, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் சில சரிசெய்யக்கூடியவை. நினைவுத் தேர்வு வைக்கும்போது அம்மா பக்கத்தில் உட்காருங்கள், தமிழில் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் வளர்ந்த என் அத்தையிடம் ஒரு கிளினிக்கில், இது என்ன மாதம் என்று மலாயில் கேட்டார்கள். "மாசி" என்றார். தப்பு என்று குறித்துக்கொண்டார்கள். மாசி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.